பதிய மறுத்த மூட்டைகள்

பெப். 17, திங்கள்
காலையிலிருந்து கணினி ஒரு மூட்டை நெல்லைக்கூடப் பதியவில்லை. தூறல். என் மில் கேட்டுக்கு வெளியே ஏழு உழவு மெஷின், எல்லாம் சாகாமத்து வயல் நெல், மழைக்கு மேலே மூடிய படங்கு. அச்சடித்த எடைத் துண்டு கையில் வராமல் ஒருவனும் மூட்டை இறக்கமாட்டான். கையால் எழுதிக் கொடுத்த காலத்தில் நான் செய்த வேலை அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ரிஸ்வி வந்தான். மென்பொருள் விற்ற கொம்பனியின் எஞ்சினியர். கொழும்புப் படிப்பு, மழையிலும் கறுப்புக் கண்ணாடி. விஷயம் இதுதானாம்: எடையை அடித்தவுடன் தானாக ஓடும் ஒரு சின்ன நிரல், பெயர் ட்ரிகர். அதற்குள் டேட்டாபேஸைப் பார்த்துக் கேட்கும் ஒரு கேள்வி. அது கம்பைல் ஆகவில்லை. ஆகாதவரை எடையும் ஏறாது.

"எவ்வளவு நேரம் போகும்?"

"அர மணித்தியாலம் ஹாஜியார்."

பொழுதுபட்டு மஃரிபு பாங்குவரை இருந்தான். தேத்தண்ணி ஆறு, ரோல்ஸ் நான்கு. ட்ரிகர் அப்படியே.

பெப். 18, செவ்வாய்
மழை விட்டும் விடாமலும். இரண்டு மெஷின் அக்கரைப்பற்று மில்லுக்குத் திரும்பிவிட்டன.

ரிஸ்வி மறுபடி. அவன் வைத்தியம்: கேள்விக்குள் ஒரு காற்புள்ளி போடுவான், கம்பைல் அடிப்பான், 'பிழைகளுடன் உருவானது' என்று வரும், காற்புள்ளியை எடுப்பான், திரும்ப அடிப்பான். மதியம் லுஹர் தொழுகைக்குள் முப்பத்தொரு தடவை. என்ன பிழை என்று கேட்டேன்.

"அது சொல்லுதில்ல ஹாஜியார். பிழை எண்டு மட்டும்தான் சொல்லுது."

இப்படி ஒருவன் என் தராசில் நின்றிருந்தால் சோற்று நேரத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

வெளியே ஒரு வயல்காரன், எனக்குக் கேட்கவேண்டும் என்றே: "நெல்லு முளைச்சா நாத்தாக் கொண்டு வாறம், ஹாஜியார் வாங்குவாரா எண்டு கேளுங்க." எல்லாருக்கும் சிரிப்பு.

வாங்க: சாக்குத் தைக்கும் நூல். எலி மருந்து. மனைவிக்கு முழங்கால் தைலம் (நேற்றும் மறந்து ஏச்சு).

பெப். 19, புதன்
வெயில். இன்னொரு மெஷின் போயிற்று.

தராசுக்கார நளீம் சொல்லி, காரைதீவு சுகந்தி டீச்சரைக் கூப்பிட்டேன். தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிப்பிக்கிறவர். பழைய ஸ்கூட்டி, சேலைக் கரையில் சேறு. இவரும் ஒரு நாளைத் தின்பார் என்றுதான் நினைத்தேன்.

காற்புள்ளியைத் தொடவே இல்லை. பிழைப் பட்டியலைக் காட்டு என்று ஒரு வரி அடித்தார். காட்டியது. அப்படி ஒரு பட்டியல் இருப்பதே ரிஸ்விக்குத் தெரியாது.

"கேள்வி 'கழிவு' எண்டொரு கட்டத்தக் கேக்குது. அட்டவணையில அப்பிடி ஒண்டு இல்ல. ஆர் எடுத்த?"

நளீம் கூரையைப் பார்த்தான்.

எடுத்தது நான். ஞாயிறு, நளீமைக் கொண்டு. ஈரத்துக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது எல்லா மில்லிலும் உள்ளது. நான் மூன்று. விவசாயச் சங்கத்தார் கழிவைக் காட்டு என்று திரிந்தார்கள். கட்டமே இல்லாவிட்டால் எதைக் காட்டுவது? தராசடியில் மனதால் கழித்து மிச்சத்தை அடித்தால் போயிற்று என்று நினைத்தேன். அதை எந்தக் கேள்வி தேடும் என்று நினைக்கவில்லை. இரண்டு நாளும் ஒரு மடையனுக்கு இன்னொரு மடையன் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன்.

"கேள்வியில இருந்து அந்தப் பேர வெட்டி விடுங்களன் டீச்சர்."

"வெட்டினாலும் ஓடும். நான் வெட்டமாட்டன். எங்கட வயல் நெல்லும் உங்கட தராசிலதான் ஏறுது ஹாஜியார்."

ரிஸ்வியும் வெட்டுவான். அவன் வெட்டி முடிக்க அடுத்த போகம் வரும். வெளியே நாலாவது மெஷினை ஸ்டார்ட் பண்ணும் சத்தம். டீச்சர் எழும்பி ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார். விலை பேசத் தெரிந்த மனுஷி.

உட்காரச் சொன்னேன். கட்டம் திரும்ப ஏறியது, கம்பைல் ஒரே தடவையில். பதினொன்றரைக்கு முதல் மூட்டை.

பேசி முடித்தது: டீச்சருக்கு எட்டாயிரம், கையில். கழிவு மூட்டைக்கு இரண்டு கிலோ, ஒவ்வொரு துண்டிலும் அச்சில்.