எங்கள் வாசலில் கண்ணாடிக் கம்பம்

மார்ச் 4, புதன்

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் எனக்கு வேலை, நிலம் அளக்கும் சர்வேயர் அண்ணனுக்கு, உச்சியில் கண்ணாடி பொருத்திய கம்பத்தைப் பிடிப்பது. அவர் தூரத்தில் கருவி வழியாகப் பார்ப்பார். கம்பம் நேராக நிற்கிறதா என்று காட்டும் நீர்க்குமிழி நடுவில் நிற்கும்படி நான் ஆடாமல் நிற்க வேண்டும். பேசவே வேண்டாம். எட்டாவதோடு நின்ற, வாயில்லாப் பூச்சிக்கு இதைவிட நல்ல வேலை ஏது?

மார்ச் 6

புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்கடியில் அடைக்கப் போகிறார்களாம். அங்கே கொண்டுபோகக் குழாயா, டேங்கர் லாரியா என்று முடிவாகவில்லை. குழாய்க்கு வழி பார்க்கத்தான் அளக்கிறோம்.

மார்ச் 10

குழாய் வழி எங்கள் தெருவாம். கசிந்தால் மூச்சு முட்டிவிடும், வந்தால் வீட்டைக் காலி செய்துவிடுவோம் என்கிறாள் அம்மா. நான் பிறந்த வீடு.

மார்ச் 11

இன்று கம்பம் வைத்த இடம் எங்கள் வாசற்படி. அது என் வீடு என்று அண்ணனுக்குத் தெரியாது. சொல்ல வாய் வரவில்லை. கம்பம் ஆடியது — தானாக ஆடியதா, நானே ஆட்டினேனா?

"என்னம்மா, குமிழி டான்ஸ் ஆடுது?" என்று அங்கிருந்து கத்தினார்.

அம்மா வெளியே வந்துவிட்டாள். "ஏண்டி, ஊரெல்லாம் அளந்துட்டு நம்ம வாசலுக்கே வந்துட்டியா?"

அண்ணன் சாலையைக் கடந்து வந்தார். திட்டவில்லை.

"முன்னாடியே சொல்லக்கூடாதா? ஆட்டாத. குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவுல இவ்வளவு இடம் விடணும்னு விதி இருக்கு. இடம் பத்தலன்னா குழாய் வராது. அது அளந்தாதானே தெரியும்?"

"பத்திடுச்சுன்னா?"

"அதையும்தான் எழுதணும்."

பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அதற்கே அவரைக் கும்பிடலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குமிழி அசையவில்லை.

மார்ச் 13

ஒன்றும் தெரியவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஆலையின் என்ஜினீயர் அக்கா கூப்பிட்டார். "உங்க தெருவுல இடம் பத்தல. குழாய் இல்ல, டேங்கர்தான். வாயுவ குளிர வெச்சுத் திரவமாக்கி ஏத்திடலாம்." பிறகு நாங்கள் அளந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்த வாசப்படி அளவு எவ்வளவு சுத்தமா இருக்கு! யாரு கம்பம் பிடிச்சது?" என்றார்.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான்தாங்க்கா" என்று வந்தது. வெளியே வந்து அழுதேன். நல்ல அழுகை.

மார்ச் 23

டேங்கர் திரும்ப இடம் வேண்டும் என்று ஆலையில் சாம்பல் கொட்டும் முற்றத்தை அளந்தோம். காலையில் அம்மா இரண்டு டப்பா சாப்பாடு கட்டியிருந்தாள்.

"ஒண்ணு உங்க அண்ணனுக்கு. மிச்சம் வெச்சா நானே அங்க வந்துருவேன்னு சொல்லு."

அண்ணன் வழித்துச் சாப்பிட்டார்.