கருகிய கேக்கும் நனைந்த புத்தகமும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம் இது. நானும் அப்பாவும் சின்னவளும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். என் கையெழுத்தைக் காணோமே என்று பயந்துவிடாதே, வலது மணிக்கட்டில் ஓவன் தட்டு பட்டுக் கொப்புளமாகிவிட்டது, மருந்து போட்டுக் கட்டியிருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்பாவை எழுதச் சொன்னால் நாலு வரியில் மற்றவை நேரில் என்று முடித்துவிடுவார், உனக்கே தெரியும். அதனால்தான் சின்னவளை உட்கார வைத்திருக்கிறேன். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, ஒழுங்காக எழுது என்று சொல்லியிருக்கிறேன். (அக்கா, ஒழுங்காகத்தான் எழுதுகிறேன். அம்மா ஒரே மூச்சில் சொல்வதால் முற்றுப்புள்ளியை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.)

நம் தெருமுனை நூலகத்தில் இருந்தாரே, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாரே அந்த அம்மா, அவர் ஓய்வு பெற்று ஊரை விட்டே மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்முன் அவருக்குப் பிரிவுபசார விழா வைத்தார்கள். கேக் செய்து தருவதாகச் சொன்ன பேக்கரி முந்தின நாள் கைவிரித்துவிட்டது, தெருவில் பிறந்தநாளுக்கெல்லாம் நான்தானே கேக் செய்து தருகிறேன், உடனே நூலகத்து உதவியாளர் நம் வீட்டுக்கு ஓடி வந்தார். விரித்து வைத்த புத்தகம் மாதிரி கேக் வேண்டும், நாளைக்குச் சாயங்காலமே வேண்டும் என்றார். ஒரு நாளில் அதெல்லாம் ஆகிற காரியமா, முடியாது என்றுதான் நான் சொன்னேன். சின்னவள்தான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்துக்கோம்மா, நான் கூடவே நின்னு எல்லாம் செய்றேன், அவங்களுக்கு வேற யாரோ செஞ்சா நல்லாவா இருக்கும்" என்று கெஞ்சினாள். நூலகத்தில் எடுத்த கடைசிப் புத்தகம் அவளிடம் இருந்தது. அதைப் படித்து முடித்து, விழாவில் அந்த அம்மா கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சரி என்றேன்.

நம் ஓவன் விஷயம் உனக்குத் தெரியும். சூடேற்றுகிற வலது பக்கக் காயில் கம்பி செத்துப்போய் வருஷக்கணக்கில் இடது பக்கம் மட்டும்தான் தீயாகக் காயும், அதனால் டின்னை வலது சுவரோடு ஒட்டி வை என்று உங்கள் இருவருக்கும் நான்தானே பழக்கினேன். மறுநாள் நான் கிரீம் அடித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் கேக்கை உள்ளே வைத்துவிட்டு, பக்கத்து ஸ்டூலில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். தீய்ந்த வாடை வந்து ஓடிப்போய்த் திறந்தால் ஒரு பக்கம் அடுப்புக்கரி. அந்த அவசரத்தில் தட்டை இழுத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். எரிச்சலில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. "புத்தகத்துக்குள்ள தலைய விட்டுட்டா வீடு பத்திக்கிட்டாக்கூடத் தெரியாதே உனக்கு, உன்ன நம்பி ஒரு வேலை குடுத்தேன் பாரு" என்று கத்திக்கொண்டே அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி வீசினேன். மேடைமேல் வீசியதாகத்தான் நினைத்தேன். அது சறுக்கிக்கொண்டு போய், கிரீம் பாத்திரங்களை ஊறப் போட்டிருந்த சோப்புத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது.

அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. புத்தகத்தை எடுத்துத் துண்டில் ஒற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முட்டை உடைக்க ஆரம்பித்தாள். இரண்டாவது கேக்கை நானே ஓவன் முன்னால் நின்று, டின்னைத் திருப்பித் திருப்பி வைத்து எடுத்தேன். ஆறியதும் பக்கங்கள் வளைந்து நிற்கிற மாதிரி இருபுறமும் சீவினேன். அவள் பல்குச்சியால் கிரீம்மேல் வரிவரியாகக் கோடு இழுத்தாள், உண்மையிலேயே அச்சடித்த மாதிரி இருந்தது. கிளம்பும்போது, "நான் வரலம்மா, ஊறிப்போன புத்தகத்த எப்படிக் குடுக்கிறது, நீயே போயிட்டு வா" என்றாள். நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் நான், சரி இரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். வா கண்ணு, நானும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

விழாவில் கேக்கை எல்லோரும் மெச்சினார்கள். நூலகத்து அம்மா கேக்கைப் பார்ப்பதற்கு முன்னால் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்கம்மா நம்ம குட்டி வாசகி?" என்றார். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியா, நேர்ல அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேனே, சரி, உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. பொய் சொன்ன முகத்தோடு அவர் முன்னால் நிற்க முடியாமல் கேக் வெட்டக் கத்தியைத் தேடப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அவர் கிளம்பிப் போய்விட்டார், மகன் வீட்டு முகவரி கேட்டுப் பார்த்தேன், நூலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. இதைச் சின்னவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இப்போது எழுதித்தான் தெரிந்துகொள்கிறாள், பேனா நின்றுவிட்டது, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அனுப்புகிறேன்.

வந்துவிட்டாள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. விழா முடிந்து நான் வீடு திரும்பியதும் அப்பா அந்தக் கருகின கேக்கைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் வந்து வலது பக்கக் காயில மாத்திட்டுப் போனான்னு சொன்னேனே, நீயும் தலைய ஆட்டினியே, புதுக் காயிலோட கொண்டுபோய் ஒட்டி வெச்சா கருகாம என்ன செய்யும்?" என்றார். சொல்லியிருந்தார்தான். நான் அதைச் சின்னவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். நான் பழக்கினபடியே அவள் வைத்திருக்கிறாள், நான் பழக்கினதாலேயே கருகியிருக்கிறது. அன்றிலிருந்து அவள் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்ல வாயெடுக்கிறேன், டிபன் டப்பாவை மூடினாயா என்றுதான் வருகிறது. அதனால் நீ போனில் கூப்பிடும்போது அவளிடம் சொல்லு. கேக் கருகினது அவளால் இல்லை, அம்மா வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டாள், அதை நினைத்து அம்மாவுக்குத் தூக்கமில்லை என்று நீ சொல்லு. எழுதிவிட்டாயா என்று கேட்டேன், எழுதிவிட்டேன் என்கிறாள், தலையை நிமிர்த்தவில்லை.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சட்டை அளவு கேட்டிருந்தாயே, அவர் இளைத்துவிட்டார், பழைய அளவுக்கு வாங்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(இந்த இரண்டு சொற்கள் மட்டும் இடது கையால் அம்மாவே எழுதியவை.)

அக்கா, அம்மா கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். ஓவன் பற்றி அப்பா சொன்ன இடம் வரைக்கும் படித்தேன். போதும், ஒட்டிவிடு என்று அம்மா எழுந்து போய்விட்டார். அதனால் இந்த வரிகள் அவருக்குத் தெரியாது. போனில் சொல்லச் சொன்னதை நீ என்னிடம் சொல்ல வேண்டாம், நானே என் கையால் எழுதிவிட்டேன். புத்தகம் காய்ந்துவிட்டது, ஆனால் உப்பிப்போய் மூட முடியவில்லை. நூலகத்து அம்மா என்னிடம் என்ன சொல்ல நினைத்திருப்பார்? உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.