ஸ்கோப்புக்கு அடியில் மாதா

அன்புள்ள அம்மாவுக்கு, ஞானராஜ் வணக்கத்தோடு எழுதுவது. மாதா தயவில் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு, தள்ளிப்போடாதே. இந்த எல்லை முகாமில் டவர் கிடைக்காது, அதனால்தான் கடிதம்.

ஒரு வேடிக்கை கேள். நெடுந்தூரம் சுடும் துப்பாக்கியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் கண்ணாடியை, பொருத்தும்போது, துணைக்கு இருக்கட்டும் என்று நீ கொடுத்த மாதா படத்தை மடித்து அடியில் வைத்து முடுக்கிவிட்டேன். பயிற்சியில் எவ்வளவு திருகித் திருத்தியும் குறி நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் காகிதம் நசுங்கி, ஸ்கோப் அசைந்திருக்கிறது. வானூர்க்காரர் சீனுவாசன் ஹவில்தார்தான் கழற்றிக் கண்டுபிடித்தார்.

“இன்னாடா, மாதாவ நசுக்கிக்கினு சுட்டா எப்டிடா நேரா போவும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரே மறுபடி பொருத்திக் கொடுத்தார். இப்போது குறி தப்புவதில்லை.

நேற்று காவலில் ஸ்கோப் வழியே பார்த்தேன். எதிர்ப்பக்கத்து மலையில் ஒருவன் தன் துப்பாக்கியின் ஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். கன்னத்து மரு வரை தெரிந்தது. பிறகு அதை என் பக்கம் திருப்பினான். இருவரும் சுடவில்லை. அப்போதிருந்து சோறு இறங்கவில்லை, இரவு முழுக்கக் கம்பளிக்குள் விழித்தே கிடந்தேன். வேறொன்றுமில்லை, குளிர்தான்.

வறுத்த மல்லாட்டை கொஞ்சம் அனுப்பு. திண்டிவனம் போனால் மாதா படம் இன்னொன்று வாங்கி அதோடு வை. இந்த முறை சட்டைப்பையில்தான் வைப்பேன்.

தபால் வண்டி கிளம்புகிறது. ஜெபமாலை சொல்லும்போது மாதாவிடம் ஒன்று மட்டும் வேண்டிக்கொள் அம்மா. அந்த எதிர்மலைக்காரனுக்கும் அவன் அம்மா ஏதாவது படம் கொடுத்திருக்க வேண்டும். அவனும் அதை ஸ்கோப்புக்கு அடியில் வைத்திருக்க வேண்டும்.

உன் மகன்
ஞானராஜ்