பல்லுப் பல்லாய் வெட்டிய ஈயம்

இன்று காலை ஒரு டென்னிஸ் மட்டையின் கைப்பிடிப் பட்டையைப் பிரித்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் ஈயத்துண்டு ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாய். இடது கையால் கத்தரி பிடிக்கிற நீ வெட்டிய வெட்டு. நீ செத்துப் போய் எட்டு மாதமாகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தொழிற்சாலையை விட்டு நுவரெலியாவிலுள்ள இந்த மட்டைக் கடைக்கு நாம் ஒன்றாகத்தானே வந்தோம். நீ அங்கே ருசி பார்க்கிற அறையில் மாதிரித் தூளை நிறுத்துக் கொடுத்தவள். நான் சலித்த தூளில் குச்சி பொறுக்கியவள். வந்த வருஷமே அந்தக் கொழும்பு ஆட்டக்காரி நாலு மட்டையோடு வந்தாள். வெளிநாட்டுப் போட்டிகளில் ஆடுகிறவள், மலைக்காற்றில் பயிற்சி எடுக்க வந்திருந்தாள். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் கடையில் விற்கிற மட்டையில் அப்படியே ஆடுவதில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இங்கே ஒரு கிராம், அங்கே ஒரு கிராம் என்று ஈயம் ஒட்டி, கைப்பிடியைத் தன் உள்ளங்கைக்குத் தக்கபடி செதுக்கி வைத்திருந்தாள். கண்ணை மூடி எதை எடுத்தாலும் நாலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்றாள். நமக்குக் கொடுத்த வேலை புதுப் பட்டை சுற்றுவது மட்டும்தான்.

குச்சி பொறுக்கிய கை சும்மா இருக்குமா? ஒரு மட்டையில் பழைய பட்டைக்கு அடியில் ஏதோ அழுக்கு அப்பியிருக்கிறதே என்று சுரண்டிக் குப்பையில் போட்டேன். மண்ணெண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்தும் வைத்தேன். நீ வந்து அதைத் தூக்கியதுமே முகம் மாறிவிட்டது.

"என்னத்த புள்ள எடுத்த?"

குப்பை டிராக்டர் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. வேலை போனால் மறுபடி தோட்டத்து லயத்து அறைக்குத்தான் போகவேண்டும். நீ திட்டவில்லை. ருசி அறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய தராசை எடுத்தாய். மற்ற மூன்றையும்விட ஆறு கிராம் குறைந்தது. நான் சுரண்டியது அழுக்கில்லை, ஈயம். அந்தக் காலத் தேயிலைப் பெட்டிக்குள் அடித்திருந்த ஈயத்தகடு ஒன்று உன்னிடம் கிடந்தது, அதை வெட்டி ஒட்டினாய். எடை சரியான பிறகும் பென்சில்மேல் கிடத்தினால் மட்டை தலைப்பக்கம் சாய்ந்தது. பிடுங்கி, இன்னும் கீழே இறக்கி ஒட்டினாய். பிறகு அது அசையாமல் நின்றது.

"சொல்லாமக் குடுத்திருவோம்டி" என்றேன்.

"நம்ம வாய் சொல்லாட்டி அவங்க கை சொல்லிரும் புள்ள. பயந்துகிட்டே வா. ஆனா வா."

நடந்ததை நீதான் அவளிடம் சொன்னாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவள் கண்ணை மூடி நாலையும் வீசிப் பார்த்து, "இதுதானே?" என்று சரியாகக் காட்டினாள். இன்னொரு தரம் வீசிவிட்டு, "இருக்கட்டும், இது நல்லாருக்கு" என்றாள்.

நேற்று அவள் அந்த நாலு மட்டையோடும் திரும்பவும் வந்தாள். "இந்த ஒன்னுதான் என் கையோட ஒட்டுது. மத்த மூணையும் இதே மாதிரி ஆக்கித் தாங்க. அந்த அக்காவே செய்யட்டும்." நாளைக்கு அவளுக்கு விமானம். "சரிங்க மிஸ்" என்றேன். நீ இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ, அது முதலாளிக்குத் தெரிந்து என் வேலை போய்விடுமோ என்று பயம்.

உன் தகட்டில் உள்ளங்கையளவுதான் மிச்சம். தப்பாக வெட்டினால் வேறு தகடு கிடையாது. மூன்று துண்டாக வெட்டினேன். தராசு ஓயும்வரை காத்திருந்து நாலு தரம் நிறுத்தேன். மூன்றும் பென்சில்மேல் நின்றன. ஆனால் என் வெட்டு நேராக இருக்கிறது. மேலே பட்டை சுற்றிவிட்டால் உன் வெட்டா என் வெட்டா என்று யாருக்கும் தெரியாது. அரை மணி நேரமாகப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் அவள் வண்டி வந்துவிட்டது. பட்டையை மேசையிலேயே வைத்துவிட்டேன். என் வெட்டு தெரியத் தெரிய மட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன். "அந்த அக்கா இல்லைங்க மிஸ், நான்தான் செஞ்சேன்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

பயந்துகிட்டேதான்டி போறேன். ஆனா போறேன்.