ரதி கேட்கக் கூடாத பாட்டு

மச்சான்,

உன் கம்ப்யூட்டர் டிஸ்க் பெட்டியைத் திறந்ததும் தேயிலைத் தூள் வாசம் அடித்தது. ஈரம் படக் கூடாதென்று காய்ந்த தூளுக்குள் புதைத்து வைத்திருக்கிறாய். இந்த மழையில் நாம் எதையும் அப்படித்தானே காப்பாற்றுவோம்? ஆனால் டிஸ்குக்குத் தூள்தான் எமன் என்கிறாள் உன் மகள் மல்லிகா. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான்.

மேட்டு லயத்து வீடுகள் மண்ணோடு சரிந்த, என் மூத்தவன் பிறந்த வருசம் தோட்டத்து ஆபீசுக்கு அந்த யுனிக்ஸ் கம்ப்யூட்டர் மெசின் வந்தது. நீதான் அதை ஓட்டினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் மாட்டி நம்ம காமன் கூத்து முழுவதையும் பாட வைத்து டிஸ்கில் பதிந்தாய். காமன் எரிகிற பாட்டை ரதி கேட்கக் கூடாது என்பது நம்ம தோட்டத்து வழக்கம். ரதி வேசம் கட்டுகிறவன் நான். அன்றைக்கும் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினீர்கள்.

கூத்து மொத்தமும் என் மண்டையில் இருக்கிறது, அந்த ஒரு பாட்டைத் தவிர. வருகிற மாசியில் இளவட்டங்கள் கூத்துப் போடுகிறார்கள். காமன் எரியாமல் என்ன கூத்து?

"மாமா, ஒரு தடவைதான் போட்டுப் பார்க்கலாம். தூள் உள்ள போயிருந்தா ஊசி தட்டைக் கீறிடும். அதோட போச்சு," என்றாள் மல்லிகா.

"அப்ப வேணாம்மா."

"பாட்டு வேணாமா?"

"வேணும்."

"ரதிக்கு இன்னும் பிடிவாதம் போகல," என்று சிரித்தாள்.

உன் பழைய மெசினை முடுக்கினாள். டிஸ்க் போடுகிற டிரைவைக் காணோம் என்றது. நீ அன்றைக்குச் சொன்னாயே: "உள்ள இருக்கிற சர்க்யூட் அட்டைதான் கங்காணி, மச்சான். மெசின் எழும்பும்போது ஒரு தடவை பேர் கூப்பிடும். அப்ப பெரட்டு வரிசையில நிக்காத டிரைவுக்கு அன்னைக்கு வேலை கிடையாது." மல்லிகா நாக்கைக் கடித்தாள். எல்லாவற்றையும் அணைத்து, முதலில் டிரைவையும் பிறகு மெசினையும் போட்டாள். டிரைவ் பேர் கொடுத்தது.

"டிஸ்க்ல எழுத விடாம, வாசிக்க மட்டும் தொறக்கிறேன். அப்பா பழசை அப்படித்தான் தொடுவாரு."

டிஸ்க் உள்ளே போனது. டக், டக், டக். நல்ல சத்தமா, கெட்ட சத்தமா? ரதி கேட்டால் ஆகாது. கேட்காவிட்டால் பாட்டே போச்சு. காதைப் பொத்தப் போன கையைக் கீழே இறக்கினேன்.

தப்பு முழங்கியது. ராமையாவின் அடி. கருப்பையா குரல் எடுத்தான். காமன் எரிந்தான், மச்சான், கடைசி அடி வரைக்கும். நடுவில் கதவைத் தட்டுகிற சத்தம், வெளியே நின்ற என் குரல்.

"முடிஞ்சிச்சா? குளிருதுடா, உள்ள வரட்டா?"

"இரு மச்சான், இன்னும் கொஞ்சம்," என்றாய் நீ.

மல்லிகா பிரதி எடுத்துவிட்டு, நீ பழக்கியபடி மெசினிடம் சொல்லிவிட்டுத்தான் டிஸ்கைக் கழற்றினாள். எனக்கு ஒரு தடவை போதும்; பாட்டு நெஞ்சில் ஏறிவிட்டது. கேட்கக் கூடாததைக் கேட்ட ரதி மாசி வரைக்கும் அதைத் தாங்க வேண்டுமே என்றுதான் இப்போது பயம்.

தப்படித்த ராமையா இல்லை. பாடின கருப்பையா இல்லை. நீயும் போய்விட்டாய். இருக்கிறவன், கதவுக்கு வெளியே குளிரில் நின்ற சின்னச்சாமி.