என் பித்தப்பைக் கற்கள் பதினேழையும் மீட்டுத் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
திருமதி மங்கையற்கரசி யோகராசா,
குளக்கட்டு வீதி, கிரான்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், கிரான்.

விடயம்: சோதனைச்சாவடியில் எடுக்கப்பட்ட ஒரு போத்தல் பற்றியது

மதிப்புக்குரிய ஐயா,

1. வயிற்றில் தையல் போட்டுப் பதினாறு நாளே ஆனவள் இவ்வளவு குதூகலமாக மனு எழுதலாமா என்று என் கணவர் கேட்கிறார். மூன்று வருட வலி போனவளுக்கு மனுவும் கலியாணக் கடிதம் மாதிரித்தான் வரும். பொறுத்தருளவும்.

2. அந்த வலி வலது விலாவுக்குக் கீழே கவ்விப் பிடித்து, முதுகால் ஏறி, வலது தோளில் போய் உட்காரும். இரண்டு மூன்று மணித்தியாலம் உருட்டியெடுத்து, வாந்தியோடு விடும். வாய்வென்று உள்ளி தின்றேன், அல்சரென்று குளிசை போட்டேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

3. என் அக்கா கண்ணகை எருமை வளர்த்துத் தயிர் விற்பவர். வெள்ளிதோறும் ஆடை தடித்த ஒரு முட்டித் தயிர் எனக்கென்று கொண்டுவருவார். அதைத் தின்ற அன்றே வலி வரும். வெற்றிலையில் மை பார்த்தவர், இரத்த உறவில் ஒரு பெண்ணின் வேலை என்றார். நான் ஊர் கூடி நிற்க, "நீதான் தயிருக்குள்ள செய்வினை வச்சிரிக்காய்" என்று அக்காவைச் சொல்லிவிட்டேன். தயிர் நின்றது; வலியும் குறைந்தது! மை பார்த்தவருக்குப் பெரிய பெயர் வந்தது. அக்காவிடம் அதன் பிறகு ஒருவரும் தயிர் வாங்கவில்லை. எட்டு எருமையில் ஐந்தை விற்றுவிட்டார்.

4. மாசியில் ஒரு கலியாண வீட்டில் ஆட்டிறைச்சியும் எண்ணெய்ப் பலகாரமும் ஒரு பிடி பிடித்தேன். அன்று வந்த வலி முந்திய வலிக்கெல்லாம் அண்ணன். மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள். வைத்தியர் விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார், வலியில் மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல்! கொழுப்புச் சாப்பாடு உள்ளே போனதும் அந்தப் பை சுருங்குமாம். கல் அதன் வாசலை அடைத்தால் வலியாம். காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ கண்டால் ஒரு நாளும் சுணங்கக் கூடாதாம். என் கல்லுக்கு மருந்து சரிவராது, பையையே எடுக்கவேண்டும், அது இல்லாமலும் நன்றாக வாழலாம் என்றார். தயிர்க் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. நானும் சிரித்தேன். பிறகு அக்காவை நினைத்து அழுதேன்.

5. வீக்கம் வற்றட்டும் என்று பொறுத்து, சித்திரைக் கடைசியில்தான் பையை எடுத்தார்கள். அதிலிருந்த கற்களை ஒரு மருந்துப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். வீடு திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் அவற்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மற்றவர் முகர்ந்தார், பிறகு வருந்தினார். மூன்றாமவர் மாணிக்கமா என்றார். தையலைக் காட்டட்டுமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார்கள். கொண்டுபோகத் தடையான பொருட்களின் பட்டியலில் சீமெந்து உண்டு, பற்றரி உண்டு, யூரியா உண்டு. பித்தப்பைக் கல் இல்லை. ஆனாலும் பரிசோதனைக்கென்று வைத்துக்கொண்டு, "கல் 17" என்று துண்டு தந்தார்கள். அதன் பிரதியை இணைத்துள்ளேன்.

6. இந்த வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலில் ஊரே கூடும். பழி சொன்ன அதே ஆட்களின் முன்னால் அந்தக் கற்களைக் காட்டி, பிழை என் வயிற்றில், அக்காவின் கையில் அல்ல என்று சொல்லவேண்டும். வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் அதை நம்பாது, கல்லை நம்பும்.

7. நான் போய் நின்றால் அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் மன்னித்துவிடுவார். அவர் சுபாவம் அப்படி. ஆனால் அந்த மன்னிப்பால் மிச்சமுள்ள மூன்று எருமையும் பிழைக்காது. ஊர் திரும்பவும் தயிர் வாங்க அவர் படலைக்குப் போகவேண்டும்.

ஆகவே ஐயா, உரிய அதிகாரிகளுடன் பேசி, சடங்குக்கு முன் அவற்றைப் பெற்றுத் தரும்படி கைகூப்பிக் கேட்கிறேன். பதினேழும் கிடைக்காவிட்டால் ஒன்று போதும். எல்லாவற்றிலும் பெரியதைத் தெரிந்தெடுத்து அனுப்பவும்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
மங்கையற்கரசி யோகராசா

கிரான்
12.05.1997