பெனிட்டாவின் ஊசி பாஸான கதை

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெனிட்டா அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். இந்தத் தடவை வாய்வார்த்தைக்கு எழுதவில்லை, நிஜமாகவே சுகம். செவ்வாய்க்கிழமை போனில் "கெடச்சிடுச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னதும் நீங்கள் அழ ஆரம்பித்துவிட்டீர்கள். நானும் அழுதேன். அப்புறம் லைனும் போய்விட்டது. எத்தியோப்பியாவில் நீங்களும் ஆம்பூரில் நானும் மூக்கைச் சிந்தியதுதான் மிச்சம். உங்கள் ஃபேக்டரி ரஷீத் அஹமது பாய் லீவு முடிந்து நாளை புறப்படுகிறார். ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நடந்ததையெல்லாம் விலாவாரியாக எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பிள்ளையின் மூட்டு வீக்கத்துக்குப் பழைய மாத்திரை கேட்கவில்லை, புது ஊசிதான் வழி, ஆனால் அது அரசாங்க மருந்துப் பட்டியலில் இல்லை என்று அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதானே நீங்கள் கடல் தாண்டிப் போனீர்கள். நீங்கள் அனுப்புவதில் ஒரு மாதம் போட்டோம், ஒரு மாதம் விட்டோம். இப்படி விட்டுவிட்டுப் போட்டால் பலனில்லை என்று டாக்டர் அமிர்தவள்ளி என்னைத் திட்டிவிட்டு, அதே வேகத்தில் அரசாங்கத்துக்கும் எழுதினார். எந்த மருந்தை இலவசமாகக் கொடுப்பது என்று முடிவு செய்ய சென்னையில் ஒரு குழு இருக்கிறதாம். அவர்கள்தான் பெற்றவர் ஒருவரையும் பிள்ளையையும் நேரில் வரச் சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதீர்கள். சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வரும் நாளில் நம் ஊர் ஷூ ஃபேக்டரியில் என்ன செய்வோமோ, அதையே செய்தேன். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இத்தனை வருஷம் நின்றவள் அல்லவா? பிள்ளைக்கு ஈஸ்டருக்கு எடுத்த கவுனைப் போட்டேன், ரெட்டைச் சடை பின்னினேன், ரயிலிலேயே வலி மாத்திரையும் கொடுத்தேன். பெரிய மனிதர்கள் முன்னால் நொண்டக் கூடாது, நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப் போனேன். அவளும் ராணி மாதிரி உள்ளே நடந்து போய் குட் மார்னிங் சொன்னாள்.

அங்கே அருணகிரி என்று ஒரு பெரியவர், அவர்தான் தலைவர். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பழைய மாத்திரையிலயே கொழந்த நல்லாத்தானேம்மா நடக்குது?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. போன வாரம்தான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறினேன். எங்களுக்காகப் பேச வந்திருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது.

அதோடு விடவில்லை அந்த மனிதர். "ஒங்க பொண்ணு ஊசிக்குச் செலவு பண்றதுல எத்தன பேருக்கு பி.பி. மாத்திரை குடுக்கலாம் தெரியுமா? இருக்கறது ஒரே பணம். இதுக்குக் குடுத்தா நான் எத நிறுத்தறது, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு மாதாமாதம் வீடு தேடி வருவதும் அந்த மாத்திரைதானே? அத்தைக்கு நிறுத்திவிடுங்கள் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

பிறகு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, போட்டு உடைத்துவிட்டேன். "சார், காலைல வலி மாத்திரை குடுத்து இட்டுனு வந்தேன். எங்க ஊர்ல பையர் வந்தா நல்ல ஜோடியத்தான் முன்னாடி வைப்போம். அந்தப் பழக்கம் சார், மன்னிச்சுடுங்க" என்றேன். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "மாத்திரை வேகம் எறங்கட்டும். சாயந்தரம் கூட்டியாங்க, திரும்பப் பாக்கறோம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பகல் பொழுதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். பெற்ற பிள்ளைக்கு வலி வரட்டும் என்று வராந்தாவில் உட்கார்ந்து காத்திருந்தவள் நான். மதியத்துக்கு மேல் முழங்கால் வீங்க ஆரம்பித்தது, விரல் மடங்கவில்லை. பொறுக்க முடியாமல் பையிலிருந்து மாத்திரையை எடுத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, "இப்ப வேணாம்மா. அவங்க பாக்கட்டும்" என்றாள். இந்தப் பிடிவாதம் அப்படியே உங்களுடையது.

மறுபடி உள்ளே தூக்கிக்கொண்டுதான் போனேன். மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறக்கச் சொன்னார் தலைவர். அவள் இரண்டு கையாலும் முயன்று பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அவ்வளவு பேர் முன்னாலும் அழாமல் பாட்டிலைத் திருப்பி வைத்தாள். அவரே எழுந்து வந்து திறந்து கொடுத்தார். அப்போது பிடித்துக்கொண்டார் டாக்டரம்மா. இப்போது ஊசி போடாவிட்டால் மூட்டு கெட்டு, நாளைக்கு இதே அரசாங்கம்தான் ஆபரேஷனுக்குச் செலவழிக்க வேண்டும், அதே குணமுள்ள ஊசியை வேறு கம்பெனிகளும் செய்கின்றன, மொத்தமாக வாங்கினால் விலை பாதியாகும், பழைய மாத்திரை கேட்காத பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று அடுக்கினார். அவர்களும் துருவித் துருவிக் கேட்டார்கள். முதலில் அந்தத் தலைவரை மனதுக்குள் சபித்தேன். வெளியே வரும்போது, இந்த வேலையை எனக்குக் கொடுத்தால் இரண்டே நாளில் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா போன் செய்தார். பாஸ்! நம் பெண்ணுக்கு மட்டுமல்ல, அவளைப் போல எல்லாப் பிள்ளைகளுக்கும்! ஃபேக்டரியில் வேலை நடுவிலேயே கத்திவிட்டேன். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள், சூப்பர்வைசர் இனிப்புக்கு மக்கன் பேடா வாங்கிவந்தார். வெள்ளிக்கிழமை முதல் ஊசியும் போட்டாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதித்துப் பார்ப்பார்களாம், பலன் தெரிந்தால்தான் தொடருமாம். தெரியும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஒரே ஒரு வருத்தம். அன்று எங்களோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்த வாணியம்பாடி சுகரா பேகம் தன் மகனுக்காக வேறு ஒரு மருந்து கேட்டிருந்தார். அதை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். அவரே போன் செய்து முபாரக் என்று என்னை வாழ்த்தினார். நான் ஏதேதோ உளறினேன். அவர் பிள்ளைக்காகவும் ஜெபம் செய்யுங்கள்.

இன்னொன்று. ரஷீத் பாயைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தார், நான்தான் விடவில்லை. "இருமலோடயே ரெண்டு ஷிப்ட் பாக்கறாரு அண்ணி. டாக்டர்கிட்ட போலாம்னா, அந்தக் காசுக்கு ஊசி வாங்கலாம்னு சொல்றாரு" என்றார். இத்தனை நாள் உங்களுக்கு அந்தச் சாக்கு இருந்தது. இனி இல்லை. உங்களை யாரும் குழு போட்டுச் சோதிக்க வேண்டாம், நான் ஒருத்தி பார்த்தால் போதும். அடுக்கம்பாறையில் சீட்டு வாங்க விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். நான் நிற்கிறேன். நீங்கள் வந்துவிடுங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள்
ஜாஸ்மின்